தவணை தவறிய அன்று யார் வருகிறார்கள்

கடந்த ஞாயிறு எங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் குழு கூடியது. மூன்று விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஒன்று படகின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துவதற்கு, ஒன்று மாட்டுக் கொட்டகைக்கு. மூன்றாவதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். மா அரைத்து விற்க ஓர் இளம்பெண் 1,00,000 ரூபா கேட்டிருந்தாள். என் தொழிலும் அதுதான். அவள் வீட்டுக்கும் என் ஆலைக்கும் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. அந்தக் குழுவில் இருக்கும் ஐவரில் நானும் ஒருத்தி.

2012இல் இதே மேசைக்கு எதிர்ப்பக்கம் நான் நின்றேன். அதிலிருந்து தொடங்கினால்தான் நான் சொல்ல நினைப்பது விளங்கும். அதற்கும் முன்னால் போக வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீடு இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்து வீட்டையும் கருவாட்டு வாடியையும் இரண்டு வள்ளங்களையும் கொண்டுபோனது. பிள்ளைகள் பூசைக்குப் போயிருந்ததால் உயிரோடு இருக்கிறார்கள். அதன்பின் உதவி வந்தது, நிறைய வந்தது. ஆனால் அது வந்த விதத்தை இன்றும் நினைக்கிறேன். கடலில் கால் நனைக்காதவர்களுக்கும் படகு கிடைத்தது. பெண்களுக்கெல்லாம் தையல் இயந்திரம் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் பதினொரு தையல் இயந்திரங்கள் இருந்தன. தைத்துக் கொடுக்கச் சொல்லி வருவதற்குத்தான் ஆட்கள் இல்லை, ஏனென்றால் வர வேண்டியவர்கள் வீட்டிலும் அதே இயந்திரம் இருந்தது. கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நல்ல மனத்தோடு வந்தார்கள். இந்தக் கிராமத்தில் எத்தனை பேர் சட்டை தைக்கக் கொடுப்பார்கள் என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மெல்ல மெல்ல எழுந்து நிற்கத் தொடங்கிய வேளையில் போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதம் வரை நாங்கள் எங்கெங்கே போனோம், யாரை எங்கே விட்டுவந்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் கணவரின் வலது காலில் இன்றைக்கும் ஷெல் துண்டு இருக்கிறது. கடலுக்கு அவர் அதன்பின் போகவில்லை. பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாம். 2011 தொடக்கத்தில் ஊர் திரும்ப விட்டார்கள். பன்னிரண்டு தகரங்களும், மீள்குடியேறுகிறவர்களுக்கான 25,000 ரூபாவும், சில மாதங்களுக்கு உலர் உணவும் கையில் இருந்தன. எங்கள் காணியில் கிணறு மட்டும் இருந்தது. அதையும் இறைத்துத் துப்புரவாக்க வேண்டியிருந்தது.

சங்கம் அந்த ஆண்டு ஆடி மாதத்தில் மீண்டும் கூடியது.

இடப்பெயர்வுக்கு முன் எங்கள் சங்கத்தில் 143 பேர் இருந்தோம். அன்று புளியமரத்தடிக்கு வந்தவர்கள் அறுபது பேர் இருக்கும். கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். பேரேடு இல்லை, பங்குப் பதிவேடு இல்லை, அறிக்கைப் புத்தகம் இல்லை. பழைய செயலாளர் அவற்றைப் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் வரை கொண்டுபோனார். அதற்குப் பிறகு அவரும் இல்லை, புத்தகங்களும் இல்லை. சங்கத்தின் நிலையான வைப்பு மட்டும் ஒரு வங்கியில் அப்படியே இருந்தது. பணம் இருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. இதுதான் அன்றைய நிலை.

முதலில் சேமிப்புப் புத்தகம் வைத்திருப்பவர்களைக் கேட்டார்கள். பத்தொன்பது பேர் எடுத்துக் கொடுத்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி இவற்றோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி, அந்தப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த புத்தகங்கள். சிலவற்றில் மை கரைந்து எண்கள் நீலக் கறையாக இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உத்தியோகத்தர் எழுதினார். மற்றவர்கள் தங்கள் தொகையை வாயால் சொல்ல வேண்டும், இரண்டு உறுப்பினர்கள் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று முடிவானது. ஒருவர் சொன்ன தொகையை இருவரும் ஒப்புக்கொள்ளாமல் கொஞ்சம் சத்தமும் வந்தது. நான் 8,400 ரூபா என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி, "அவள் மாதம் இருநூறு போட்டவள், கணக்குச் சரிதான்" என்றாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கணவரைப் போரின் கடைசி மாதத்தில் இழந்தவர். மூன்று பிள்ளைகள். சேமிப்பைச் சொல்லத்தான் எழுந்தார் என்று எல்லோரும் நினைத்தோம். "அவர் இயந்திரம் திருத்த 15,000 எடுத்தவர். அதில் 6,000 கட்ட வேண்டியிருக்கிறது. அதையும் எழுதுங்கள்" என்றார். அந்தக் கடன் அங்கிருந்த எவருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டிருந்தால் எந்த ஏட்டிலும் அது இருந்திருக்காது. உத்தியோகத்தர் பேனையைத் தூக்கியபடியே சிறிது நேரம் இருந்தார். பிறகு எழுதினார். அவருக்குப் பின் இன்னும் ஏழு பேர் எழுந்து தங்கள் கடனைச் சொன்னார்கள். இறந்தவர்களின் கடனைச் சங்கத்தின் ஒதுக்கு நிதியான சேமநிதியிலிருந்து நீக்குவது என்று அன்றே தீர்மானம் எடுத்தோம். அந்தப் பெண் மட்டும் அதை ஏற்கவில்லை. மாதம் 250 ரூபாவாக இரண்டு ஆண்டுகளில் கட்டி முடித்தார்.

கூட்டுறவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சட்டப் புத்தகத்தில் உள்ளதை என்னால் சொல்ல முடியும். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, பங்கு, சேமநிதி எல்லாம் பயிற்சியில் படித்தேன். இருந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெண் எழுந்து நின்றதுதான்.

இனி 2012. நான் 1,00,000 ரூபா கேட்டுப் போனேன். அரைக்கும் இயந்திரமும் மோட்டாரும் வாங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் வாழ்வாதாரப் பயிற்சியில் சொல்லித்தந்தபடி திட்டம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். குழுவில் ஒரு வயதான கடற்றொழிலாளி இருந்தார். எழுதப் படிக்க அவருக்கு அவ்வளவாக வராது. என் தாளை அவர் பார்க்கவே இல்லை.

"பிள்ளை, இயந்திரம் வாங்கிவிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். அரைக்க யார் வருவார்கள்?" என்று கேட்டார்.

ஊர்ச் சனங்கள் என்றேன். ஊர்ச் சனங்கள் நிவாரண மாவைச் சாப்பிடுகிறார்கள், மிளகாய் வாங்கிக் கொண்டுவந்து அரைக்க அவர்களிடம் என்ன இருக்கிறது என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வீதி போடுகிறார்கள், வீடு கட்ட மேசன்மார் வரப்போகிறார்கள், அவர்களுக்குச் சோறு போடுகிற கடைகள் சந்திக்குச் சந்தி வருகின்றன. கடைக்காரன் தூளை யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ எடுக்கிறான். "அவனுக்குக் கொடு. இயந்திரம் பிறகு வாங்கலாம்."

30,000 ரூபா தந்தார்கள். மாதம் நூற்றுக்கு 1 வட்டி, அதுவும் மீதியாக இருக்கிற தொகைக்கு மட்டும். நான் கட்டிய மொத்த வட்டி 2,000 ரூபாவுக்கும் குறைவு. செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் மூட்டையாக வாங்கினேன். ஒரு பெரிய தாச்சி வாங்கினேன். முற்றத்தில் மூன்று கல் வைத்து அதிகாலையில் வறுப்பேன். மல்லியை முதலில் போட வேண்டும். அது வெடித்து மணம் வரும்போது இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் தூள் கசக்கும். மிளகாயைக் கடைசியில், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வறுக்க வேண்டும். வறுத்ததைச் சாக்கில் கட்டி முள்ளியவளைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் அங்கிருந்த ஆலையில் அரைத்துக்கொண்டு வருவேன். பஸ்ஸில் எல்லோரும் தும்முவார்கள். நடத்துநர் என்னைப் பின்கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்வார்.

முதல் மாதம் நான்கு கடைகள், ஆறாம் மாதம் பதின்மூன்று. பத்து மாதங்களில் கடனைக் கட்டி முடித்து, இரண்டாவது கடனாக 75,000 எடுத்து இயந்திரம் வாங்கினேன். முதலிலேயே அந்த ஒரு இலட்சத்தைத் தந்திருந்தால் இயந்திரத்தைத் தூசி தட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். அந்த ஐயாவின் ஒரு கேள்வி எனக்கு 70,000 ரூபாவை மிச்சப்படுத்தியது. கடன் கொடுக்கிறவர் அதே பஸ்ஸில் போகிறவராக, அதே கடையில் தேநீர் குடிக்கிறவராக இருந்தால்தான் அப்படி ஒரு கேள்வி வரும்.

பிற்பாடு யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோது இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரைப் பற்றிச் சொன்னார்கள். 1844இல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் விற்க இருந்தது மாவும் ஓட்ஸ் மாவும் வெண்ணெயும் சீனியும்தான். அக்காலத்தில் முதலாளிகளின் கடைகளில் மாவில் சுண்ணாம்பு கலப்பார்களாம். கலப்படமில்லாத மாவைச் சரியான நிறையில் தங்களுக்குத் தாங்களே விற்றுக்கொள்வது, அதுதான் அவர்களின் முதல் வேலை. இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மா அரைக்கிறவளுக்கு அது வேறு விதமாகத்தான் கேட்கும்.

இவ்வளவும் நல்லது. இனிச் சொல்லப்போவது அவ்வளவு நல்லதல்ல. அதை மறைத்தால் மேலே சொன்னதும் பொய்யாகிவிடும்.

2013இல் எங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாகத் தருவார்கள். அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழுந்தால் ஒரு பகுதி. மணலும் சீமெந்தும் விலை ஏறிக்கொண்டே போயின. எங்களைப் போலப் பலர், வாழ்நாளில் ஒருமுறை கட்டுகிற வீடு, ஓர் அறை கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோம். கூரைக்குக் காசு போதவில்லை. சங்கத்தில் எனக்கு இயந்திரக் கடன் இன்னும் இருந்தது. சங்கம் எங்கள் சேமிப்பிலிருந்துதான் கடன் தருகிறது. மீனவர்களும் கூலித் தொழிலாளிகளும் மாதம் இருநூறு முந்நூறு போட்டுச் சேர்த்த பணம். வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். என் முறை வர ஏழெட்டு மாதங்கள் ஆகும் என்றார்கள்.

நுண்கடன் நிறுவனக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். நான்கே நாட்களில் 60,000 ரூபா கையில் கிடைத்தது. வாரம் 1,500 வீதம் 52 வாரம். நூற்றுக்கு 30 வட்டி என்று சொன்னார்கள். வாரா வாரம் கட்டக் கட்ட மீதிக் கடன் குறைகிறது, வட்டி குறைவதில்லை. பின்னொரு நாள் சங்கத்தின் பொருளாளர் அக்கா என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியபோது ஆண்டுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த நான்கு நாட்களின் வேகம் பொய்யில்லை. மழைக்கு முன் கூரை போட வேண்டியவளுக்கு ஏழு மாதம் காத்திரு என்று சொல்கிற சங்கத்தால் என்ன பயன் என்று அன்று நானே கோபப்பட்டேன். அந்தக் கோபத்தில் இன்றும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பேரழிவுக்குப் பின் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்படுகிறது, எல்லோருடைய சேமிப்பும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருக்கிறது. கூட்டுறவின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். வெளியிலிருந்து குறைந்த வட்டியில் மூலதனம் வராவிட்டால், எவ்வளவு நல்ல சங்கமும் தன் உறுப்பினரை வாசலில் நிறுத்திவிட்டுக் கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

முதல் கடனை அடைக்க இரண்டாவது நிறுவனம். இப்படி 2017 வந்தது. கணவரின் கால் சீழ் வைத்து அவரை வவுனியா வைத்தியசாலையில் சேர்த்தோம். இரண்டு வாரம் நான் அங்கேயே இருந்தேன். தூள் வறுக்கவில்லை. அந்த மாதத்தில் நிறுவனத்துக்கும் தவணை தவறியது, சங்கத்துக்கும் தவறியது. இரண்டு இடத்திலிருந்தும் ஆள் வந்தார்கள்.

நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் மாலை நான்கு மணிக்கு வந்தார். நிறுவனக் கடனுக்கான எங்கள் குழுவிலிருந்த மற்ற ஆறு பெண்களையும் வரவழைத்து என் விறாந்தையில் இருத்தினார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதுவரை எவரும் வீட்டுக்குப் போக முடியாது. இரவு எட்டு மணியாகியும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஒருத்தியின் கைக்குழந்தை பசியில் அழுதது. அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் ஒற்றுமையைத்தான் அவர்கள் பிணையாக வாங்கினார்கள், அந்த ஒற்றுமையைத்தான் எட்டு மணிக்குள் உடைத்தார்கள். கடைசியில் என் மகளின் தோட்டை அடகுகடைக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் பொருளாளர் அக்கா வந்தார். ஒரு சிப்பம் பிட்டும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். கணவரின் காலைப் பார்த்தார். பிறகு, "உன் கொப்பியை எடு" என்றார். மாதம் எத்தனை கிலோ போகிறது, எந்தக் கடைக்கு எவ்வளவு, யார் காசு தந்தார்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கடைகளுக்கு நான் கடனாகக் கொடுத்து வந்த தூளின் பணம் கூட்டிப் பார்த்தால் 41,000 ரூபா நின்றது. எனக்கே அது தெரியாது. ஒவ்வொரு கடையும் சிறுதொகை, கேட்க வெட்கம், கேட்டால் அடுத்த முறை வாங்கமாட்டார்களோ என்ற பயம். "நீ கடன்காரி இல்லை, உனக்குத்தான் கடன் தர வேண்டியிருக்கிறது" என்றார். மூன்று நாட்கள் தன் சைக்கிளில் என்னோடு கடை கடையாக வந்தார். அவர் பேசவில்லை, பக்கத்தில் நின்றார், அவ்வளவே. 27,000 கிடைத்தது. சங்கத்தின் தவணையை நான்கு மாதம் தள்ளிவைக்கக் குழுவில் அவரே பேசினார்.

வட்டி வீதத்தைவிட எனக்கு முக்கியமான வித்தியாசம் இதுதான். தவணை தவறிய அன்று யார் வருகிறார்கள், வந்து என்ன கேட்கிறார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் அந்த ஆண்டுகளில் என் நிலையில் இருந்தவர்கள் ஏராளம். பெண்கள் வீதியில் இறங்கினார்கள். 2018இல் அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் 1,00,000 ரூபா வரையானவற்றைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என்று ஓர் உச்சவரம்பு வைத்தது. வரவேற்றோம். ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவை வைத்தவர்களுக்கே அந்தத் தள்ளுபடி. தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டியவளும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவளும் நேர்மையாகக் கட்டுகிறவர்கள் என்று கணக்கிலிருந்து வெளியே போனார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. என் மீதிக் கடனைச் சங்கம் பொறுப்பெடுத்து அடைத்தது. எங்களைப் போன்ற சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்திலிருந்து வந்த நிதியில் எங்கள் சங்கத்தில் பதினாறு பெண்களுக்கு அப்படிச் செய்தோம். பிறகு சங்கத்துக்கு மாதம் நூற்றுக்கு 1 வட்டியில் கட்டினேன். அந்த வட்டியும் ஆண்டு முடிவில் இலாபமாகி, ஒரு பங்கு சேமநிதிக்கும் ஒரு பங்கு எங்கள் கணக்குக்கும் திரும்பி வந்தது. பணம் ஊரை விட்டுப் போகவில்லை.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வள்ளத்துக்கும் வலைக்கும் மீன் முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கினால், பிடிக்கிற மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். கடன் முடியும்வரை தராசு அவர் கையில். சங்கம் நன்றாக நடக்கும் கரைகளில் நிறுக்கிற இடம் சங்கத்தினுடையது, விலை பலகையில் எழுதப்படுகிறது, கிலோவுக்கு ஒரு சிறுதொகை அவரவர் சேமிப்பில் சேர்கிறது. 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, கரையில் பாதி வள்ளங்கள் மேட்டில் ஏறின. கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெயை யார் யாருக்கு எத்தனை லீற்றர் என்று சங்கத்தில் பெயர்ப்பட்டியல் வைத்துப் பங்கிட்டார்கள். போதவில்லைதான். இல்லாமையைச் சண்டையில்லாமல் பங்கிட ஓர் இடம் இருந்தது.

அதே சங்கங்களில் எனக்கு ஒரு நீண்ட நாள் வருத்தமும் உண்டு. நண்டு கழற்றுவது, வலை தெரிவது, கருவாடு காயவைப்பது, தலையில் கூடை சுமந்து விற்பது எல்லாம் பெண்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் ஆண்கள். கடலுக்குப் போகிறவரே கடற்றொழிலாளி என்ற எண்ணம். கணவர் இல்லாத வீட்டுப் பெண் எங்கே போய்த் தன் பெயரைப் பதிவது? நிர்வாகத்துக்கு வருகிறவர்களில் கட்சிக்காரர்கள் உண்டு, கணக்குக் காட்டாமல் போனவர்களும் உண்டு. ஒரு திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரே மாதத்தில் முளைத்து, திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய சங்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன். உதவி நிறுவனங்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்றே: புதிதாக ஒன்றைத் தொடங்குமுன், அந்த ஊரில் போருக்கு முன்பே இருந்த சங்கம் எங்கே கூடுகிறது என்று தேடிப் போய் ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருங்கள்.

சரி, கடந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

மூன்றாவது விண்ணப்பம் வந்ததும், இது என் தொழிலோடு மோதுகிறது, நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். விதி அப்படி. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மெனிக் பாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் படித்த பிள்ளை. நான் எழுந்ததைப் பார்த்து அவள் முகம் சுருங்கியது. எதிர்க்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

வெளியே புளியமரத்தடியில் நின்றேன். உண்மையைச் சொன்னால் மனம் சும்மா இருக்கவில்லை. இரண்டு கிலோமீற்றர். என் கடைகளில் பாதி அவள் பக்கம். மகளின் படிப்பு இன்னும் முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது; பேச்சு கேட்டது. அந்த ஐயா இறந்து நான்கு வருடங்கள். ஆனால் அவருடைய கேள்வியை இப்போது பொருளாளர் அக்கா கேட்டார்: "அரைக்க யார் வருவார்கள்?"

அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. மிளகாய்த்தூள் வெளியே நிற்கிற அக்காவிடம் இருக்கிறது, நான் அதில் போகவில்லை, குரக்கன் மா, உழுத்தம் மா, ஒடியல் மா என்றாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதி பொதியாகக் கேட்கிறார்கள், பாடசாலையில் காலைக் கஞ்சிக்கும் கேட்டிருக்கிறார்கள், யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன் என்றாள். தாளை நீட்டியிருப்பாள், சத்தம் கேட்டது.

60,000 ரூபா கொடுக்க முடிவானது. மீதி ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, உழுத்தம் மாவுக்கு எந்த அரிதட்டு வாங்க வேண்டும்? கடையில் மூன்று கண் வைத்திருக்கிறார்கள்."

நடுவிலுள்ளதை வாங்காதே என்றேன். மிக நுண்ணிய கண்ணுள்ளதை வாங்கு, முதல் நாள் சலிக்க நேரம் எடுக்கும், கை வலிக்கும், ஆனால் மா கட்டி படாது. உளுந்தை வறுத்தவுடன் அரைக்கக் கொடுத்துவிடாதே, சாக்கில் பரவி நன்றாக ஆறவிடு. சூட்டோடு அரைத்தால் பையில் வியர்த்து மூன்றாம் வாரம் மணக்கும். அவள் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள். புதன்கிழமை காலையில் என் ஆலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், முதல் ஐந்து கிலோவைச் சேர்ந்தே அரைத்துப் பார்க்க.